மேட்டு நிலம் கேட்போம்!

மழைக்காலம் பிறந்தால் பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு இரண்டு கவலைகள். மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வருமானம் குறையும் என்பது ஒன்று. லயத்துக்குள் தண்ணீர் புகுமோ என்பது மற்றொன்று. முதற் கவலைக்காக நம் சங்கங்கள் முதலாளிமாரோடு எத்தனையோ முறை பேசிப் போராடியிருக்கின்றன. இரண்டாவதை மட்டும் "இயற்கையின் சீற்றம்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, அடுத்த ஆண்டு மழைவரை மறந்துவிடுகிறோம். இந்த மறதி இனியும் தகுமா?

மழை இயற்கை, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வீட்டை எந்த இடத்தில் கட்டுவது, தரையை எவ்வளவு உயர்த்துவது, அல்லூரை எங்கே வெட்டுவது என்பவை மனிதர் செய்யும் முடிவுகள். எத்தனையோ பழைய தோட்டங்களின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். துரையின் பங்களா குன்றின்மேல். ஆபீசும் ஸ்டோரும் நடு மேட்டில். தொழிலாளர் லயமோ ஆற்றோரப் பள்ளத்தில். தண்ணீர் எடுக்க வசதி என்று காரணம் சொன்னார்கள். அந்தத் தண்ணீர் தானாகவே வீட்டுக்குள் வந்தபோது பங்களாவின் படிக்கட்டுகூட நனையவில்லை. வெள்ளம் ஆளைப் பார்த்து வருவதில்லை. ஆளை எங்கே குடிவைத்தோம் என்பதைப் பார்த்தே வருகிறது.

"ஊரையா தூக்கி வைக்க முடியும்?" என்று சிலர் கேட்பர். முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. உலு சிலாங்கூரில் பழைய கோலகுபு பட்டணம் 1883-ல் அணை உடைந்து பேரழிவு கண்டது. பின்னாளில் மேலே ஈயம் தோண்டியதால் வந்த மண் ஆற்றின் அடியைத் தூர்த்து உயர்த்திவிட, வெள்ளம் அடிக்கடி பட்டணத்துக்குள் புகுந்தது. சர்க்கார் என்ன செய்தது? கம்பளிப் போர்வை கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சார்லஸ் ரீட் என்ற நகரமைப்பு வல்லுநரைக் கொண்டு மேட்டு நிலத்தில் புதிய ஊரை வகுத்தது. அதுதான் இன்றைய கோலகுபு பாரு. அதிகாரிகளின் ஆபீசும் கடைத்தெருவும் நனைந்தபோது ஒரு பட்டணமே இடம் மாறிற்று. நாலு லயத்தை இடம் மாற்றுவதா முடியாத காரியம்?

வெள்ளம் எப்போதோ வருவது என்ற எண்ணமும் தவறு. 1926, 1967, 1971, 2014 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்களை நாடு அறியும். கிழக்குக் கரைக்கே உரியது என்று நம்பியிருந்தவர்களின் நம்பிக்கையை 2021 டிசம்பர் கலைத்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டிற்று; ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த வெள்ளத்தின் மொத்த நட்டம் 610 கோடி ரிங்கிட் என்றும், அதில் குடியிருப்பு வீடுகளின் நட்டம் மட்டும் 160 கோடி என்றும் புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஏழு விழுக்காடு கூடுதலான ஈரத்தைத் தாங்கும் என்கிறது விஞ்ஞானம். அப்படியானால் இனி வரும் மழை பழைய மழையைவிடக் கடுமையாகவே இருக்கும்.

தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு வேண்டும் என்பது நம் நெடுநாளையக் கோரிக்கை. அது கைகூடும் இடங்களில் நமக்கு ஒதுக்கப்படும் நிலம் எது என்று பார்க்க வேண்டும். ரப்பரும் செம்பனையும் செழிக்காத பள்ளத்தைக் காட்டி, "இதோ உங்கள் வீட்டு நிலம்" என்றால் கைதட்டி வாங்கிக்கொள்வதா? "மேடு பள்ளம் பார்த்தால் உள்ளதும் போய்விடும், முதலில் கிடைப்பதை வாங்குவோம்" என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். அவர்களின் அச்சம் நமக்குப் புரியாததன்று. ஆனால் வீட்டுக் கடன் இருபது, முப்பது ஆண்டுக் கடன். கட்டில், அலமாரி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் வெள்ளத்தில் போன மாதத்திலும் தவணைச் சீட்டு தவறாமல் வரும். பள்ளத்தில் வாங்கும் வீடு சொத்தாகாது, சுமையாகும்.

ஆகவே ஒப்புதல் தருமுன் ஒவ்வொரு கிளைக் கமிட்டியும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, வெள்ளக் குறி எங்கே? தோட்டத்து முதியவர்களைக் கேளுங்கள். எந்த மரத்தில், எந்தச் சுவரில் தண்ணீர் ஏறி நின்றது என்று காட்டுவார்கள். வீட்டுத் தரை அந்தக் குறிக்கு மேலே இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஆறு எவ்வளவு தூரம்? வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியின்படி, 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர் விட வேண்டும். 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கும் 5 மீட்டர் உண்டு. அது ஆற்றின் பங்கு. அதில் வீடு கட்டினால் ஆறு ஒருநாள் தன் பங்கைக் கேட்டு வரும்.

மூன்றாவது, மண் எப்படி? பள்ளத்தில் மண் கொட்டி அடுக்கடுக்காக இடித்து இறுக்காவிட்டால் தரை அமிழும், சுவர் வெடிக்கும். மேடாக்கிய இடத்தில் தேங்காத தண்ணீர் பக்கத்து லயத்துக்குப் போகும். அதற்கும் வழி வகுக்க வேண்டும். கடலோரச் சதுப்பு நிலமானால், நீரை வடித்த பின் மண் ஆண்டுதோறும் தாழும் என்பதை மறக்கலாகாது.

நான்காவது, கட்டுமானம் எத்தகையது? ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் ஒருபுறம் மட்டும் நின்றால், மூன்று மீட்டர் நீளச் சுவரை ஏறக்குறைய 1,500 கிலோ எடை தள்ளும். கம்பத்து மலாய்க்காரர் வீட்டைக் கால்மேல் நிறுத்தியது அழகுக்காக அல்ல. தண்ணீர் கீழே ஓடட்டும் என்றுதான். கால்மேல் கட்டினால் தூண்களைக் குறுக்குச் சட்டங்களால் பிணைக்க வேண்டும். கீழிடத்தைப் பின்னர் அடைத்துவிடக் கூடாது. மின்சாரப் பெட்டியும் பிளக்கும் வெள்ளக் குறிக்கு மேலே இருக்கட்டும்.

தொழிலாளர் வீட்டுத் தரத்துக்கு 1966-லேயே சட்டம் வந்தது. 1990-ல் புதுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்து, 2019-ல் திருத்தமும் பெற்றது. வீடு தரும் முதலாளி குறைந்தபட்சத் தரத்தைக் காக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆண்டுக்கொரு முறை தண்ணீரில் நிற்கும் வீடு எந்தத் தரத்தில் சேரும் என்று தொழில் இலாகாவிடம் எழுத்துமூலம் கேட்போம்.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. அல்லூரின்மேல் அடுப்படியை நீட்டுவதும், குப்பையை அதில் கொட்டுவதும் நாம் செய்பவை. நாம் அடைத்த அல்லூருக்கு நிர்வாகத்தைக் குறை கூறினால் நம் வாதம் எடுபடாது.

கிராணிமார் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபீஸ் வாசலிலுள்ள மழைமானியை அளந்து புத்தகத்தில் எழுதுவது நம் கை. ஒரு ஹெக்டரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1,000 டன் தண்ணீர். இதுவரை அந்தப் புத்தகம் வெட்டு உண்டா இல்லையா என்று சொல்லவே பயன்பட்டது. அதே கணக்கோடு, எந்த மழைக்கு எந்த லயத்தில் எத்தனை அடி தண்ணீர் ஏறிற்று என்பதையும் தேதியோடு குறித்துக் கிளைக் கமிட்டியிடம் கொடுங்கள். வாய்ச்சொல்லை நிர்வாகம் மறுக்கும். தன் ஆபீஸ் மழைக் கணக்கை அதனால் மறுக்க முடியாது.

இந்த மழைக்காலத்திலேயே ஒவ்வொரு தோட்டத்திலும் வெள்ளக் குறியைச் சாயம் பூசி எழுதுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். மரத்தோடு மரமாய் நின்று இந்நாட்டை வளப்படுத்தியவன் கேட்பது பங்களா அல்ல. பெருமழை கொட்டும் இரவிலும் பிள்ளைகளோடு கண்ணயரக் கூடிய ஒரு மேட்டு நிலம். அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்போம், ஒன்றாய் நின்று கேட்போம்!