பூட்டை நீக்குமுன்

பைத்தானும் சி மொழியும் கலந்து, பல இழைகளில் இயங்கும் நிரல்களின் நினைவகம் சிதையாமல் இதுகாறும் பெரிதும் காத்தது ‘ஜில்’ எனும் பொதுப்பூட்டு. 2024 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.13, அப்பூட்டின்றி இயங்கவும் சோதனைமுறையில் வழிவிட்டது. ‘பூட்டின்றி இயங்குவேன்’ என அறிவிக்காத சி நீட்சியை ஏற்றினால், பூட்டு இயல்பாகவே திரும்பிவிடும். ஆனால் அவ்வறிவிப்பு ஒற்றை வரி. அதன் மெய்ம்மையைப் பைத்தான் சோதிப்பதில்லை.

ஓர் இழை விடுவித்த நினைவகத்தை மற்றோர் இழை படித்தால், பிழை நிகழும் இடம் ஒன்று, நிரல் வீழும் இடம் வேறு. பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு பொறியை இயக்கும் நிரல் இவ்வாறு வீழ்ந்தால், பழி கடைசியாகத் திருத்தியவர்மீதே விழும்.

ஆகவே நினைவகத்தை ஒதுக்குபவர், விடுவிப்பவர், தொடத்தக்க இழை ஆகியவற்றை இருமொழி எல்லையிலேயே எழுதிவைக்க வேண்டும். ‘திரெட்சானிடைசர்’ கொண்டு சோதித்த பின்னரே அவ்வரியைச் சேர்க்க வேண்டும். அதுவரை பூட்டு இருப்பதால் இழப்பது வேகம் மட்டுமே.