குழாயடியும் கவுன்ஸிலரும்

சட்டசபைத் தேர்தல் என்றால் வீடே அமர்க்களப்படுகிறது. கார்ப்பரேஷன் தேர்தல் என்றால் மட்டும், "அது கிடக்கட்டும், பருப்பு வெந்ததா பார்" என்று உள்ளே போய்விடுகிறோம். சகோதரிகளே, சென்னையில் அந்தப் பருப்பு வெந்த தண்ணீரே ஒரு காலத்தில் கார்ப்பரேஷன் தண்ணீர்தான்!

1959-ம் வருஷத்துச் சென்னையை எண்ணிப் பாருங்கள். சைதாப்பேட்டை முதலான புறநகர்கள் 1946-ல்தான் நகரத்தோடு சேர்ந்திருந்தன. கீழ்ப்பாக்கத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர், குப்பைத் தொட்டி, தெரு விளக்கு, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எல்லாம் ரிப்பன் கட்டடத்தின் பொறுப்பு. பள்ளியில் பகல் சாப்பாடு போடும் யோசனைகூட அங்கே உதித்ததுதான். தியாகராய செட்டியார் காலத்தில், 1920-ல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் அடுப்பு மூட்டினார்கள்.

அந்த 1959-ல் 100 ஸ்தானங்களுக்குத் தேர்தல். மாகாணத்தில் காமராஜர் ஆட்சி. காங்கிரஸை மீறி நகரத்தில் யார் ஜெயிப்பது? தி.மு.க. 45 இடங்களைப் பிடித்தது. வீட்டுக் கணக்கு எழுதும் நீங்கள் உடனே கேட்பீர்கள், 45 எப்படிப் பாதிக்குமேல் ஆகும் என்று. ஆகாதுதான்! மேயரைத் தேர்ந்தெடுப்பது ஜனங்கள் அல்ல, கவுன்ஸிலர்கள். கம்யூனிஸ்டுகள் கை கொடுக்க, அ. பொ. அரசு மேயரானார். 1967-ல் கோட்டையைப் பிடித்த கட்சி முதலில் குப்பைத் தொட்டியையும் குழாயையும்தான் நிர்வகிக்கக் கற்றது. (மேயர் நாற்காலி ஆண்களுக்கே என்று நினைக்க வேண்டாம், தாரா செரியன் அம்மையார் அதற்கு முன்பே அதில் அமர்ந்துவிட்டார்.)

இனிமேல்தான் வயிற்றெரிச்சல். 1973-ல் கார்ப்பரேஷன் சபையைக் கலைத்தார்கள். மறு தேர்தல் எப்போது தெரியுமா? 1996-ல்! 23 வருஷம். கைக்குழந்தையாக இருந்தவள் கைக்குழந்தையோடு வோட்டுப் போட வந்திருப்பாள். அந்த இடைவெளியில், 1978-ல், குடிநீருக்கென்று தனி வாரியம் ஏற்பட்டுக் குழாய் அதனிடம் போய்விட்டது. நல்லதோ கெட்டதோ, அதைப்பற்றி சபையில் எழுந்து ஒரு வார்த்தை கேட்க நம் வார்டுக்கு அன்று ஓர் ஆள் இல்லை.

2016-க்குப் பிறகும் அப்படியே, 2022 வரை சபை கிடையாது. 2022-ல் 200 வார்டுகளுக்குத் தேர்தல் வந்தபோது சரிபாதி ஸ்தானங்கள் பெண்களுக்கு. 1959-ஐப் போலவே அப்போதும் கவுன்ஸிலர்கள் கூடித்தான் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள்: பிரியா என்ற 28 வயதுப் பெண்ணை.