சராசரி போதுமா?



மேட்டூர் அணை திறந்ததும் இத்தனை ஆயிரம் கன அடி தண்ணீர் என்று பேப்பரில் போடுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கும் எங்க வயலுக்கு அது வந்து சேர்ந்ததா என்று அந்தக் கணக்கு சொல்லாது. "மொத்தத்தை வச்சு என்னடா பண்றது? நம்ம மடைக்கு எவ்வளவு வந்துச்சு, அதைச் சொல்லு" என்பார் அப்பா. பள்ளிக்கூடம் போகாதவர். அணு உலைப் பொறியாளர்கள் கேட்பதும் இதே கேள்வியைத்தான்!

கூடங்குளத்தில் 2013-ல் முதல் உலையும், 2016-ல் இரண்டாவது உலையும் மின் கட்டமைப்பில் இணைந்தன. ஒவ்வொன்றும் 1000 மெகாவாட். ஓர் உலைக்குள் 163 எரிபொருள் கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் விரல் பருமன்கூட இல்லாத 300-க்கும் மேற்பட்ட கோல்கள். ஆக, சுமார் 50,000 கோல்கள். உண்டாகும் வெப்பம் 3000 மெகாவாட். வகுத்தால் கோலுக்குச் சுமார் 60 கிலோவாட். முடிஞ்சுதா கணக்கு? இல்லை!

எல்லாக் கோலும் ஒரே மாதிரி சூடாவதில்லை. நியூட்ரானின் வேகத்தைக் குறைத்து, அணுப்பிளவுக்குத் தோதாக்குவது தண்ணீர். அதனால் தண்ணீர் கூடுதலாக உள்ள இடத்தை ஒட்டிய கோலில் சூடு ஏறும். கட்டுப்பாட்டுக் கோல் இறங்கினால் பக்கத்தில் உள்ளது அடங்கும். கடோலினியம் கலந்த கோல், ஆரம்பத்தில் நியூட்ரானை விழுங்கிக்கொண்டு மந்தமாக இருக்கும். கோலின் உறை தாங்குமா என்பதை முடிவு செய்வது சராசரிக் கோல் அல்ல, அதிகம் சூடாகும் கோல்தான்.

50,000 கோலையும் ஒரேயடியாகக் கணக்கிடுவது கம்ப்யூட்டருக்கே பெரும்பாடு. அதனால் வழக்கமாக இரண்டு படியாகச் செய்கிறார்கள். முதலில் ஒவ்வொரு வகைக் கட்டையும் தனியே எடுத்து, அதற்குள் எந்தக் கோல் எத்தனை மடங்கு என்று விரிவாகக் கணக்கிடுவார்கள். பிறகு முழு உலைக்கும் கட்டு வாரியாகச் சராசரி பார்ப்பார்கள். கடைசியில் இரண்டையும் பெருக்குவார்கள். உதாரணத்துக்கு, ஒரு கட்டு உலைச் சராசரியைப் போல 1.2 மடங்கு, அதற்குள் ஒரு கோல் 1.1 மடங்கு என்றால், அந்தக் கோல் 1.32 மடங்கு. அதாவது 32 சதவீதம் அதிகம்! பக்கத்துக் கட்டுகளால் வரும் ஏற்ற இறக்கத்தையும் இதில் சேர்த்துக்கொள்வார்கள்.

"இதெல்லாம் விஞ்ஞானிகள் சமாச்சாரம், டிப்ளமோ படிக்கிற நமக்கெதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். நாளைக்கு பாய்லர் பக்கத்திலும் சப்-ஸ்டேஷனிலும் நின்று ரீடிங் எழுதப்போவது நாம்தானே! மூன்று ஃபேஸில் 40, 40, 130 ஆம்பியர் ஓடினால் சராசரி 70. "80 ஆம்பியர் ஃபியூஸ் தாங்கும்" என்று எழுதிவிட்டுப் போகலாமா? ஃபியூஸுக்குச் சராசரி தெரியாது. 130 ஓடுகிற ஃபேஸில் போய்விடும்.

அணு உலை வேண்டும் என்பவரும் சரி, வேண்டாம் என்பவரும் சரி, இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு பேசினால்தான் கேள்வியும் சரியாக இருக்கும், பதிலும் சரியாக இருக்கும். இதைத் தமிழில் நம் ஊர்க்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல நம்மால் முடியும் என்பது என் கருத்து.

எனவே நண்பர்களே, ரீடிங் எழுதும்போது சராசரிக்குப் பக்கத்தில் உச்சத்தையும் எழுதுவோம். யார் வந்து சராசரி சொன்னாலும், "கடைமடையில் எவ்வளவு?" என்று கேட்போம்!