முசாபனியின் வரலாற்றை யார் சொல்வது?

ஜார்க்கண்டின் கிழக்கு சிங்பூம் மாவட்டத்தில், சுவர்ணரேகா ஆற்றங்கரையில் மௌபண்டார் தாமிர உருக்காலை அமைந்துள்ளது. அதற்குத் தாது அளித்த சுரங்க நகரம் முசாபனி. 1924இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் நிறுவனமான இந்தியன் காப்பர் கார்ப்பரேஷன் வளர்த்த நகரம் அது. 1972இல் அந்நிறுவனம் நாட்டுடைமையாக்கப்பட்டு, பொதுத்துறையான இந்துஸ்தான் காப்பருடன் இணைந்தது. தாராளமயக் காலத்தில் அவ்வட்டாரச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டனர்.

சுரங்கத்தில் உழைத்த கடைசித் தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. அவர்களது நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்வது அவசரமான அரசியல் பணியாகும்.

நிறுவன நகரங்களில் வாழ்ந்தோர் கடந்த காலத்தைப் பெரும்பாலும் கனிவுடனேயே நினைவுகூர்வர். குடியிருப்பு, மருத்துவமனை, பள்ளி, மாதந்தோறும் தவறாத சம்பளம் ஆகியவை அப்பேச்சில் இடம்பெறும். இதை நிர்வாகத்தின் பெருந்தன்மைக்குச் சான்றாகக் காட்ட முதலாளித்துவ எழுத்தாளர்கள் முயல்வர். இடதுசாரிகளோ இதை வெறும் ஏக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அம்மக்கள் ஏங்குவது நிரந்தர வேலைக்கும், அதனுடன் வந்த சமூகப் பாதுகாப்புக்குமே. அவை தொழிற்சங்கப் போராட்டங்களால் பெற்ற உரிமைகள்.

சுரங்கங்கள் நட்டத்தால் மூடப்பட்டன என்பது அதிகாரப்பூர்வ வரலாறு. சுர்தா சுரங்கம் 2003இல் மூடப்பட்டபோது உலகச் சந்தையில் ஒரு டன் தாமிரம் ஏறத்தாழ 1,800 டாலர். 2006இல் அது 8,000 டாலரைக் கடந்தது. 2007இல் சுர்தா மீண்டும் இயங்கத் தொடங்கியது, ஆனால் ஒப்பந்த முறையில். தாது அதேதான், பாறையும் அதேதான். நிரந்தரத் தொழிலாளியின் உரிமைகள் மட்டும் திரும்பவில்லை. இந்த இடைக்காலத்தில் ஒரு குடும்பம் எதை விற்றது, எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றது என்பதை எந்த ஆண்டறிக்கையும் சொல்லாது. அக்குடும்பமே சொல்ல வேண்டும்.

நிரந்தரத் தொழிலாளரின் குரலோடு பதிவு நின்றுவிடவும் கூடாது. சுரங்கத்திற்கு நிலம் இழந்த ஆதிவாசிகள், குடியிருப்பு எல்லைக்கு வெளியே வாழ்ந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள், பாறைத் தூசியால் சிலிகோசிஸ் நோயுற்றோர், வீட்டுச் சுமையைத் தாங்கிய பெண்கள் ஆகியோரின் சாட்சியங்கள் சேர்ந்தால்தான் அந்நகரின் வர்க்க வரலாறு முழுமை பெறும். இவற்றுள் சில, சங்கங்களின் பழைய பலவீனங்களையும் வெளிக்காட்டக்கூடும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலின் துயரம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு நன்கு தெரியும். பொதுத்துறைப் பங்குகள் தொடர்ந்து விற்கப்படும் இன்று, மூடல் என்பது உழைப்பாளி வீட்டில் என்ன செய்யும் என்பதற்கு இவ்விரு நகரங்களின் முதியவர்களே சாட்சிகள். ஓய்வுபெற்றோர் அமைப்புகளும் தொழிற்சங்கக் கிளைகளும் அவர்களது சொற்களை, அவர்களது மொழியிலேயே, தாமதமின்றிப் பதிவு செய்ய வேண்டும்.