திரும்பிச் சென்ற தீவார்

தென் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே உலகப் படத்தில் ஒரு புள்ளியளவாகத் தென்படுவது திரிஸ்தான் டா குன்யா என்னுந் தீவு. மக்கள் வாழும் அயலிடமாகிய சென்ற் எலேனாவே அதற்கு ஏறத்தாழ 2,400 கிலோமீற்றர் அப்பால் உள்ளது. விமான நிலையம் இல்லை. கேப் டவுனிற் கப்பலேறினால் ஒரு வாரமளவிற் போய்ச் சேரலாம். அதுவும் கடல் இடங்கொடுத்தால்!

தீவு முழுவதும் ஓர் எரிமலையே. அதன் அடிவாரத்து ஒடுங்கிய சமதரையில், ஒரே ஊரில், இருநூற்றைம்பதுக்குங் குறைவானோர் வாழ்கின்றனர். ஆட்சி பிரித்தானிய முடியினது. தேசாதிபதி சென்ற் எலேனாவிலிருக்க, நிர்வாகி ஒருவர் தீவுச் சபையோடு கருமமாற்றுகின்றார். நிலம் எவருக்குந் தனியுடைமையன்று. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய மாடு ஆடுகளுக்கும் அளவுண்டு. ஒருவர் மற்றவரை மிஞ்சலாகாது என்பதே கருத்து. 1817 இல் வில்லியம் கிளாஸும் தோழரும் எழுதிக்கொண்ட சமத்துவ உடன்படிக்கையின் வழிவந்த வழக்கம் இது. உருளைக்கிழங்கு அடுப்புக்கு, சிங்கறாலும் தபால் முத்திரையும் காசுக்கு.

1961 இல் மலை வெடித்தது. யாவரும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆங்கே தொழிலுங் கூலியுங் கடைத்தெருவுங் கிடைத்தன. நாமாயின் தங்கியே இருப்போம். வாக்கெடுப்பிலோ திரும்பவேண்டுமென்றோர் 148 பேர்; வேண்டாமென்றோர் ஐவரே! 1963 இற் பெரும்பாலோர் மீண்டனர். வீடுகள் பெரும்பாலும் தப்பியிருந்தன. இறாலாலையையும் படகேறுங் கரையையும் எரிமலைக் குழம்பு மூடியிருந்தது. ஆகவே புதிய துறைமுகம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்கு வாய்த்த பெயர் கல்சொட். இங்கிலாந்தில் அவர்கள் புகலடைந்திருந்த இடத்தின் பெயர்.