பரங்கிக்காயின் பூர்வீகம்

மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கடலாடச் செல்வது கிள்ளைக்கு. அதற்கு அருகில் உள்ள கடற்கரை ஊர் பரங்கிப்பேட்டை. அவ்வூரின் பெயரிலும் நம் வீட்டுப் பரங்கிக்காயின் பெயரிலும் ஒரே ‘பரங்கி’ இருப்பதைக் கவனித்தீர்களா, மாணவ நண்பர்களே?

இது நெடுந்தூரம் பயணம் செய்து வந்த சொல். பழைய ஐரோப்பாவில் ‘ஃபிராங்க்’ என்றோர் இனத்தார் வாழ்ந்தனர். பிரான்ஸ் நாட்டின் பெயரும் அவர்களால் வந்ததே. சிலுவைப் போர்க் காலத்தில் அரபு மக்கள் மேற்கு ஐரோப்பியர் அனைவரையும் அப்பெயராலேயே குறித்தனர். பாரசீகத்தில் அது ‘ஃபரங்கி’ ஆயிற்று. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து வந்த போர்ச்சுக்கீசியருக்கும் அப்பெயரே நிலைத்தது. தமிழர் நாவில் ‘ஃப’ என்பது ‘ப’ ஆகி, ‘பரங்கி’ பிறந்தது.

அப்படியானால் பரங்கிக்காயின் தாயகம் ஐரோப்பாவா? அல்லவே அல்ல! அது அமெரிக்கக் கண்டத்துக் கொடி. மெக்சிகோவில் கிலா நாகிட்ஸ் என்னும் குகையில் கிடைத்த இதன் இன விதைகள் சுமார் 10,000 ஆண்டுப் பழமையானவை. 1492-இல் கொலம்பஸ் அமெரிக்கா சென்றதற்குப் பின்னரே அது மற்றக் கண்டங்களுக்குப் பரவியது. ஆக, நம் சொல் குறிப்பது காய் பிறந்த இடத்தை அன்று. அதை நமக்குக் கொண்டு வந்தவரை. தாய்லாந்திலும் இதே கதைதான். அமெரிக்காவிலிருந்து வந்த கொய்யாவுக்கும், வெள்ளைக்காரருக்கும் அங்கே ஒரே பெயர்: ‘ஃபராங்’.

‘பரங்கிக்காய் என்பது கொச்சை, மஞ்சள் பூசணி என்பதே சரி’ என்று சிலர் திருத்துவதுண்டு. இதை நாம் ஏற்க வேண்டியதில்லை. புதிதாக வந்த பொருளுக்குப் பெயரிட மக்களுக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, பழகிய பொருளோடு ஒப்பிடுவது. வெண்பூசணியைப் போன்றதால் மஞ்சள் பூசணி. மிளகைப் போல் காரமாக இருந்ததால் மிளகாய். மற்றொன்று, கொண்டு வந்தவர் பெயரைச் சூட்டுவது. இரண்டும் சரியே, இரண்டும் சான்றுகளே. ஒன்றை அழித்தால் வரலாற்றில் ஒரு பக்கம் கிழிந்துவிடும்.

ஆனால் சான்று என்பதாலேயே சொல்லை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சொல் ஒரு சாட்சி. அதைக் குறுக்கு விசாரணை செய்ய விதையும் குகையும் வேண்டும். அதுவே அறிவியல் நெறி.

உங்கள் பாட்டியிடம் காய்கறிகளின் ஊர்ப்பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத சாட்சிகள் பல அதில் அகப்படும்.