தபால் தலையில் இடம் பெறாதவர்கள்

ஆண்டுக்கு ஒரு கடிதம். அந்தமான் செல்லுலார் சிறையில் அரசியல் கைதிகள் வீட்டுக்கு எழுத அனுமதி அவ்வளவுதான். அந்தச் சிறையையே 1997-ல் தபால் தலையாக வெளியிட்டது இந்திய அஞ்சல் துறை. 1970-ல் வந்த சாவர்க்கர் தபால் தலையின் பின்னணியிலும் அதே கட்டடம்தான். ஒரு கடிதத்துக்காக மனிதர்கள் வருடம் முழுக்கக் காத்துக் கிடந்த இடம், நாடெங்கும் உறைகளின் மூலையில் பயணம் போனது.

சரி, அதைக் கட்டியவர்கள்? 1896-ல் தொடங்கி 1906-ல் முடிந்த ஏழு கிளைக் கட்டடங்கள், அறுநூற்றுக்கும் மேற்பட்ட தனிக் கொட்டடிகள். எல்லாம் கைதிகளின் உழைப்பு. அவர்களுக்குத் தபால் தலை கிடையாது.

கதை அதற்கும் பழையது. பிரிட்டிஷ் பேரரசு 1833-ல் சட்டம் இயற்றி அடிமை முறையை ஒழித்தது. கம்பெனி ஆட்சியில் இருந்த இந்தியாவுக்கு 1843-ல் தனிச் சட்டம் வந்தது. பதினைந்தே ஆண்டுகள். 1857 கிளர்ச்சி அடக்கப்பட்ட கையோடு, 1858 மார்ச்சில் டாக்டர் ஜேம்ஸ் வாக்கர் 200 கைதிகளுடன் அந்தமானில் வந்து இறங்கினார். காட்டை அழிக்கும் வேலை அவர்கள் தலையில் விழுந்தது. தப்பி ஓடிப் பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரை ஒரே நாளில் தூக்கிலிட்டார் வாக்கர். பின்னாளில் செல்லுலார் சிறையில் மாட்டுக்குப் பதில் மனிதர்கள் செக்கிழுத்தார்கள். நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் தர வேண்டும். குறைந்தால் தண்டனை.

சட்டப்படி இவர்கள் அடிமைகள் அல்ல, தண்டனைக் கைதிகள். விலைக்கு வாங்கப்பட்டவர்களும் அல்ல. கொலை, கொள்ளைக்காக வந்தவர்களும் அவர்களில் உண்டு. சங்கடமே அங்கேதான். தியாகிக்குச் சிலை வைப்பது சுலபம். கூலியில்லாமல் ஒரு குடியேற்றத்தையே உருவாக்கிக் கொடுத்த சாதாரணக் குற்றவாளியை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

மற்ற நாடுகள் இதில் கொஞ்சம் துணிந்திருக்கின்றன. தமிழர்கள் கணிசமாக வாழும் மொரீஷியஸ், அடிமை ஒழிப்பின் 150-ம் ஆண்டையும் இந்தியக் கூலிகள் வந்ததையும் 1984-ல் ஒரே தபால் தலை வரிசையில் நினைவுகூர்ந்தது. ஒன்று முடிந்த இடத்தில் மற்றது தொடங்கியது என்ற ஒப்புதல் அதில் இருந்தது. அடிமை வணிகத்தைத் தடை செய்த 200-ம் ஆண்டுக்காக 2007-ல் பிரிட்டன் ஆறு தபால் தலைகளை வெளியிட்டபோது, வில்பர்ஃபோர்ஸுடன் ஒலாடா எக்வியானோ, இக்னேஷியஸ் சாஞ்சோ முகங்களும் இடம் பெற்றன. இருவரும் அடிமைகளாக இருந்தவர்கள்.

செல்லுலார் சிறை 1979-ல் தேசிய நினைவுச் சின்னமானது. போர்ட் பிளேரின் பெயரும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டுவிட்டது. அந்தக் கைதிகளின் வம்சாவளியினர் இன்றும் தீவுகளில் 'லோக்கல் பார்ன்' என்ற பெயரில் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர்களுக்கு ஒரு தபால் தலை வெளியிட முகம் தேடி அலைய வேண்டியதில்லை. கைதியின் கழுத்தில் எண்ணும் தண்டனைத் தேதியும் பொறித்துத் தொங்கவிட்ட மரச் சீட்டு ஒன்றின் படம் போதும்.